மண்டியில் சொல்லும் பொய் ஆத்துமாவை என்ன செய்யும்?

மே 8, 2025. பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, நான் தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் எங்கள் சபையில் பொய்யர் எல்லாருக்கும் அக்கினிக் கடல் என்று பிரசங்கம். எனக்குக் கோபம்தான் வந்தது. வியாபாரத்தில் பொய் சொல்லாதவன் யார்? யாரையும் கொல்லவில்லை, யார் வீட்டிலும் புகுந்து திருடவில்லை. பொய் சொல்கிறவன் மாடி வீடு கட்டுகிறான், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். அப்புறம் என்ன ஆவிக்குரிய ஆபத்து? ஜனங்களைப் பயமுறுத்தத்தானே இதெல்லாம்?

மே 8, இரவு

வசனம் இருக்கிறது தம்பி. வெளிப்படுத்தல் 21:8. கொலைபாதகரும் பொய்யரும் ஒரே வரியில்தான் வருகிறார்கள். அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் நரகத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டுப் பேசலாம். பொய்யின் கேடு சாவுக்கு அப்புறம் தொடங்குகிற விஷயமில்லை. இன்றைக்கு ராத்திரி நீ முழங்கால் போட்டு ஜெபிக்க உட்காரும்போதே அது வேலை செய்துகொண்டிருக்கும். பொய்க்குப் பழகினவன் கடவுளுக்கு முன்னாலும் தானாக வந்து நிற்க மாட்டான், வேறொரு ஆளாக வந்து நிற்பான். அப்படி வந்த ஆளைக் கடவுள் எப்படி ஆசீர்வதிப்பார்? இதுதான் நான் சொல்ல வருவது. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், லோடு வந்திருக்கிறது.

மே 9

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முன்பு ஒரு மண்டியில் இருந்தேன், பேர் வேண்டாம். தராசு எலெக்ட்ரானிக். வருஷா வருஷம் முத்திரை போட்ட தராசு, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிரேட்டைத் தூக்கி வைத்ததும் எண் ஓடும், அரை நிமிஷம் கூட ஆகாது, நின்றுவிடும். எடை போடுகிறவர் அது நிற்கும் வரை காத்திருக்க மாட்டார். எண் பக்கம் தூண் பார்த்தபடி திரும்பியிருக்கும். இருபத்துமூன்று புள்ளி ஆறு காட்டும். காலி கிரேட் ஒரு கிலோ எண்ணூறு கிராம், அதை ரெண்டு கிலோவாகக் கழித்து, மிச்சத்தையும் உடைத்து 'இருவத்தொண்ணு' என்று கத்துவார். துண்டுச் சீட்டில் இருபத்தொன்று ஏறும். ஒரு கிரேட்டுக்கு எண்ணூறு கிராம் போச்சு. நூறு கிரேட் கொண்டுவந்த ஆளுக்கு எண்பது கிலோ. அதற்கு மேல் கழிவு வேறு. விவசாயி வாயில் பீடியோடு டிராக்டர் பக்கம் நிற்பார். பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் பேச மாட்டார்கள், அடுத்த லோடும் அங்கேதானே இறக்கியாக வேண்டும்.

நீதிமொழிகள் 11:1-ஐ நாம் சின்ன வயசிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறோம். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.' உபாகமம் 25-ல் பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு விதமான நிறைகற்களை வைத்திருக்காதே என்று இருக்கிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். இன்றைக்குக் கல் போய்விட்டது, முத்திரை போட்ட தராசில் ஏமாற்றுவது லேசில்லை. அதனால் அந்த ரெண்டாவது கல் மனுஷன் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த எடைக்காரர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு வேலையாட்களுக்குத் தன் கைக்காசில் துணி எடுத்துக்கொடுக்கிறவர். ஆனால் அவரிடம் ஒன்று கவனித்தேன். வீட்டிலிருந்து மகள் போனில் 'சாப்பிட்டாச்சாப்பா' என்று கேட்டால், சாப்பிட்டிருந்தாலும் 'இல்லம்மா' என்பார், சாப்பிடாவிட்டால் 'ஆச்சு' என்பார். ஒரு காரணமும் இருக்காது. லாபமும் இல்லை, பயமும் இல்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது. தம்பி, இதைத்தான் ஆபத்து என்கிறேன். அவர் பொய்யை வியாபாரத்துக்கென்று வைத்துக்கொண்டார், அது வியாபாரத்தோடு நிற்கவில்லை.

மே 11

தருமபுரியிலிருந்து ஒரு சகோதரர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். வேறொரு பதிலில் நான் 'எட்டாம் கட்டளை' என்று எழுதியிருந்தேனாம், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்பதாவதாம். ரெண்டும் சரிதான் சகோதரரே. நாங்கள் லூத்தரன், கத்தோலிக்கர் மாதிரியே எண்ணுகிறோம், எங்களுக்கு எட்டு. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையாருக்கு ஒன்பது. கட்டளை ஒன்றுதான்.

இந்த ஊரில் லூத்தரன் எங்கிருந்து வந்தான் என்று ஓசூர் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டிருந்தார். 1895-ல் அமெரிக்க மிசூரி லூத்தரன் சபை இந்தியாவில் ஊழியம் தொடங்கினது கிருஷ்ணகிரியில்தான். வந்தவர்கள் நேதர், மோன் என்ற இருவர். அதற்கு முன் ஜெர்மனிக்காரர்களின் லைப்சிக் மிஷனில் இருந்து, கொள்கை ஒத்துவராமல் பிரிந்தவர்கள். மனசுக்குள் ஒன்று, கையெழுத்தில் ஒன்று என்று சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கவில்லை. அவர்கள் சொன்ன கொள்கை சரியா தவறா என்பது வேறு வழக்கு. இந்த ஒரு விஷயத்துக்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

1529-ல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சின்ன ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் இந்தக் கட்டளைக்குச் சொன்ன விளக்கம், பொய் சொல்லாதே என்பதோடு நிற்கவில்லை. அயலானுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லது சொல், அவன் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்கிறது. உண்மை பேசுகிறேன் பேர்வழி என்று சபையில் பிறத்தியார் மானத்தை வாங்குகிறவர்கள் இந்தப் பாதியைப் படிப்பதே இல்லை.

மே 12

'எல்லாரும்தான் செய்கிறார்கள்' என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். ஆமோஸ் 8:5 படியுங்கள். மரக்காலைக் குறைத்து, சேக்கலை அதிகமாக்கி, கள்ளத்தராசால் வஞ்சிக்க, ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். ஆராதனையில் உட்கார்ந்தே கடை திறக்கும் நேரத்தை எண்ணினவர்கள். அன்றைக்கும் எல்லாரும்தான் செய்தார்கள்.

மே 15

ஓசூர் அக்கா ஒருவர் குறளோடு வந்திருக்கிறார். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்று வள்ளுவரே விட்டுக்கொடுத்துவிட்டாரே, உங்கள் பைபிள் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு என்கிறார்.

அக்கா, அது 292. அடுத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்.' பொய்யனுக்கு நெஞ்சு சுடும் என்பது வள்ளுவர் வைத்த நம்பிக்கை. பவுல் அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறார், 1 தீமோத்தேயு 4:2-ல், மனச்சாட்சியில் சூடுண்ட பொய்யர் என்று. சூடு போட்ட இடம் ஆறினபின் தொட்டால் தெரியாது. மாட்டுக்குச் சூடு போட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு சுடுகிறவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவன் வந்துவிடுவான். சுட்டுச் சுட்டு மரத்துப்போனவனுக்காகத்தான் பயப்படுகிறேன். தம்பி, உனக்குக் கோபம் வந்தது என்று எழுதினாயே, அது நல்ல செய்தி. இன்னும் அங்கே உணர்ச்சி இருக்கிறது.

292-க்கு நான் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று அக்கா மறுபடி எழுதுவார். நாளைக்கு.

மே 16

நன்மைக்குச் சொல்லும் பொய். இதற்கு என் வீட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பெங்களூரில் பார்த்தோம். டாக்டர் எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அவரிடம் சொல்லக் கூடாது, தாங்க மாட்டார் என்று பெரியப்பா முடிவெடுத்தார். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். 'வயித்துப்புண்ணு, மருந்துல சரியாயிரும்' என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். சித்தி, பிள்ளைகள், பார்க்க வருகிற பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திப் பாடம் சொல்லி உள்ளே அனுப்பினோம்.

அவர் கட்டிலில் சுவர் பக்கம் படுத்திருப்பார். வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். வாயைக் கேட்க மாட்டார், கண்ணைப் படிப்பார். வந்தவர் உடனே வேறு பக்கம் பார்த்து, மழை வருமா, இந்த வருஷம் பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை என்று பேச்சை மாற்றுவார். கடைசி நாட்களில் அவரே மாற்றினார். 'இன்னிக்கு பரவால்ல, கஞ்சி நல்லா இறங்குச்சு' என்பார். இறங்கியிருக்காது. எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் எங்களுக்காகப் பொய் சொன்னார், நாங்கள் அவருக்காகச் சொன்னோம். ஒரு அறையில் பத்துப் பேர் இருந்தோம், ஆளுக்கு ஒரு மூலை.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. ஜெபம். கட்டிலைச் சுற்றி நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, 'ஆண்டவரே இந்த வயிற்றுப்புண்ணைக் குணமாக்கும்' என்று சத்தமாக ஜெபித்தோம். யாரிடம் சொல்கிறோம்? சகலமும் தெரிந்தவரிடம். அவருக்கு முன்பாகவும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நோயாளி கேட்டுவிடுவார். சித்தப்பாவுக்கு ஒரு அண்ணன் தம்பி வழக்கு இருந்தது, பங்காளியோடு பல வருஷமாகப் பேச்சில்லை. சாகப்போகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை வரச்சொல்லிப் பேசியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். திருவிருந்து கேட்டு வாங்கியிருப்பார். சாவுக்கு ஆயத்தப்படும் உரிமை ஒன்று இருக்கிறதே, அதைத்தான் பாசத்தின் பேரால் பிடுங்கிக்கொண்டோம். வள்ளுவர் கேட்கிறது புரைதீர்ந்த நன்மை. இதில் அந்த நன்மை எங்கே இருந்தது அக்கா?

மே 17

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ஒருபக்கமாக இருக்கிறது.

யாத்திராகமம் 1-ல் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் ஆண் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுப் பார்வோனிடம் சாக்குச் சொல்கிறார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று எழுதியிருக்கிறது. ராகாப் வேவுகாரரைக் கூரைமேல் சணல் தட்டைக்குள் மறைத்துவிட்டு, போய்விட்டார்கள் என்றாள். எபிரெயர் 11-ல் அவள் பேர் விசுவாசப் பட்டியலில் இருக்கிறது.

பழைய காலத்துச் சபைப் பிதா அகுஸ்தீனார் இதை விடவில்லை. பொய்யைப் பற்றி 395 வாக்கில் ஒன்று, 420 வாக்கில் ஒன்று என்று இரண்டு நூல் எழுதி, எட்டு வகையாகப் பிரித்து, எட்டுமே பாவம் என்றார். கள்ளப்போதகரைப் பிடிப்பதற்காக அவர்களில் ஒருவனைப்போல நடிக்கலாமா என்று கேட்டதற்கும் கூடாது என்றார். மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த நன்மை இரக்கத்துக்காக, பொய்க்காக இல்லை என்பது அவர் வாதம். அதோடு, உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்றும் தெளிவாகச் சொன்னார்.

எனக்கு அவர் அளவுக்குத் துணிச்சல் கிடையாது. கொலைகாரன் வாசலில் வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன், அதற்குக் கடவுளிடம் இரக்கம் கேட்பேன். ஆனால் ஒன்று. மருத்துவச்சிகளும் ராகாபும் தங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பேசினார்கள், பிறத்தியார் உயிருக்காக. நாம் சொல்லும் 'நல்ல' பொய் அநேகமாக நம் சங்கடத்தைத் தவிர்க்கத்தான். சித்தப்பாவிடம் சொல்லும் சங்கடம் அவருடையதா, எங்களுடையதா?

மே 22

அனனியா சப்பீராள் கதைக்கு வருகிறேன். நிலத்தை விற்றுக் காணிக்கை கொண்டுவந்து, பொய் சொல்லி, அங்கேயே செத்து விழுந்த புருஷன் பெண்சாதி. இதைச் சபையில் காணிக்கை குறைந்தால் விழும் அடி என்று பிரசங்கிப்பதைக் கேட்டிருக்கிறேன். அப்போஸ்தலர் 5:4-ல் பேதுரு சொல்வது நேர் எதிர். விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்றபின் பணமும் உன் கையில்தானே இருந்தது என்கிறார். பாதியை வைத்துக்கொள்ளத் தடையே இல்லை. பாதியைக் கொடுத்துவிட்டு முழுசும் கொடுத்தேன் என்ற பேரை வாங்கப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்தான் பர்னபா நிலத்தை விற்றுப் பணம் முழுவதையும் அப்போஸ்தலர் பாதத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்தப் பேர் இவர்களுக்கும் வேண்டியிருந்தது.

அந்தப் பாவம் இன்றைக்கு எங்கே நடக்கிறது? மண்டியில் இல்லை, சாட்சி நேரத்தில். உபவாசக் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, டாக்டர் கைவிட்டுவிட்டார், ஜெபத்தால் பிழைத்தேன் என்றார். அவருக்கு வந்தது டைபாய்டு, பத்து நாள் ஊசி போட்டார்கள், வார்டில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது என் மச்சான்தான். அடுத்த கூட்டத்தில் மூச்சே நின்றுபோனது என்றார். அதற்கடுத்ததில் மேலே போய் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டே வந்துவிட்டார். சபையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாக அல்லேலூயா சொன்னது. அவரை ஏற்றிவிட்டதில் எங்களுக்கெல்லாம் பங்கு உண்டு. அவர் மகன் கல்லூரிக்குப் போகிற பையன், வார்டில் அப்பாவுக்கு இட்லி வாங்கிக்கொடுத்தவன், இப்போது சபைக்கு வருவதில்லை. கடவுளை விட்டுவிட்டான் என்று எல்லாரும் அவனுக்காக ஜெபிக்கிறார்கள். அவன் கடவுளை விட்டானா, அந்தக் கதையை விட்டானா என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

எடையில் அடித்தவன் எண்ணூறு கிராம் எடுத்தான். இது ஒரு பையனின் விசுவாசத்தை எடுத்தது. ராணி யேசபேல் நாபோத்தைக் கொல்ல இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்துமுன் உபவாசம் கூறுவித்தாள், 1 இராஜாக்கள் 21. பக்தி உடுப்புப் போட்ட பொய்யைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன்.

மே 25

இதை யாராவது கேட்பார்கள் என்று தெரியும். அரூர் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டுவிட்டார். 'சர்டிபிகேட்டில் இந்து ஆதிதிராவிடர், ஞாயிற்றுக்கிழமை சபையில் உக்கிராணக்காரர், அதாவது சபைப் பொறுப்பாளர். இது பொய்யில்லையா? எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். பேசுங்கள்.'

பேசுகிறேன், தயங்கித் தயங்கி. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரை. கிறிஸ்தவன் ஞானஸ்நானம் எடுத்த அன்றே தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுகிறான். தெரு மாறவில்லை, டீக்கடை மாறவில்லை, கல்லறையைக்கூடத் தனியாக வைத்த ஊர்கள் உண்டு, காகிதத்தில் மட்டும் சாதி போய்விடுகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், விசுவாசம் இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின்மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிள்ளையின் படிப்பையும் ஞானஸ்நானத்தையும் எதிரெதிர்த் தட்டில் வைத்த சட்டம் அது. அதன் பாரத்தை அந்தத் தாய்மேல் வைத்துப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. பொய் சொல்ல வைக்கிறவனுக்கும் கணக்கு உண்டு. சொத்தும் நிலமும் பேரும் உள்ள கிறிஸ்தவர்கள் இந்த வீடுகளைப் பார்த்து 'இரட்டை வாழ்க்கை' என்று உதட்டைப் பிதுக்குவதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆனாலும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன் சார். பள்ளியில் ஒரு பேர், சபையில் ஒரு பேர் என்று வளர்கிற பிள்ளையைப் பாருங்கள். யாராவது 'உன் பேர் என்ன' என்று கேட்டால் ஒரு நொடி யோசிக்கிறது, கேட்கிற ஆள் யார் என்று பார்த்துச் சொல்ல. அந்த ஒரு நொடி எனக்கு வலிக்கிறது. சட்டத்தை மாற்றப் போராடுவது சபையின் கடமை, அதுவரை அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைச் சபை சுமந்தால் எத்தனையோ வீடுகள் ஒரே பேரோடு வாழும். எத்தனை சபைகள் சுமக்கின்றன?

ஜூன் 1

பேர் என்று எழுதினதிலிருந்து யாக்கோபு நினைவாகவே இருக்கிறது.

ஆதியாகமம் 27. கண் தெரியாத தகப்பன் 'நீ யார்' என்று கேட்கிறார். 'நான் உமது மூத்த மகனாகிய ஏசா' என்கிறான். ஆட்டுக்குட்டித் தோலைக் கையில் கட்டிக்கொண்டு ஆசீர்வாதத்தை வாங்கிவிட்டான், சந்தேகமில்லை, வாங்கிவிட்டான். தம்பி சொன்ன மாதிரி பொய் சொன்னவன் நன்றாகத்தான் இருந்தான். இருபது வருஷம் லாபானிடம். அங்கே மாமனார் பெண்ணை மாற்றிக் கொடுத்தார், சம்பளத்தை மாற்றி மாற்றிப் பேசினார். பின்னால் சொந்தப் பிள்ளைகளே வெள்ளாட்டுக் கடாவின் ரத்தத்தில் யோசேப்பின் அங்கியைத் தோய்த்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஆட்டுத்தோலால் தகப்பனை ஏய்த்தவன் ஆட்டு ரத்தத்தால் ஏய்க்கப்பட்டான்.

நடுவில் யாப்போக்கு ஆற்றங்கரை ராத்திரி, அதிகாரம் 32. ஆசீர்வதித்தாலொழிய விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டான். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி, 'உன் பேர் என்ன?' அவருக்குத் தெரியாதா? தகப்பனிடம் தப்பாகச் சொன்ன பதிலை இவரிடம் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. 'யாக்கோபு' என்றான். அதற்கப்புறம்தான் புதுப் பேர், அதற்கப்புறம்தான் ஆசீர்வாதம்.

முதல் நாள் ராத்திரி நான் எழுதினதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை தம்பி. ஏசாவாக வந்து நின்றவனுக்குக் கிடைத்தது ஏசாவின் ஆசீர்வாதம். அதை வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பயந்து ஓடத்தான் முடிந்தது.

ஜூன் 6

சின்னக் கேள்வி ஒன்று, காவேரிப்பட்டணத்திலிருந்து. வாயே திறக்காமல் ஏமாற்றினால் பொய்யா என்று. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த செந்தூரா மாம்பழத்தை எடுத்துப் பாருங்கள். தோல் பளபளவென்று மஞ்சள், கொட்டை பக்கம் வெள்ளையாகப் புளிக்கும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே தடை. ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்குகிறவரிடம் 'பழுத்துவிட்டது' என்று சொல்லியாயிற்று. பொய்தான்.

ஜூன் 14

பாலக்கோட்டுத் தம்பி தனியாக எழுதியிருந்தான். அவன் அனுமதியோடு கேள்வியை மட்டும் இங்கே போடுகிறேன். எடையில் அடித்த பணத்தை இப்போது என்ன செய்வது, காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா?

போடாதே. கடவுளுக்குக் கமிஷன் கொடுத்து முடிக்கிற விஷயம் இல்லை இது. லேவியராகமம் 6-ல் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவனுக்கே கொடு என்று இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். உன்னால் நாலு மடங்கு முடியாது, தெரியும். முதலும் ஐந்தில் ஒன்றும் போதும். ஆள் செத்திருந்தால் பிள்ளைகளுக்கு. வாங்குவதற்கு உறவென்று யாருமே இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கு, எண்ணாகமம் 5:8. அப்போது பெட்டியில் போடலாம்.

துண்டுச் சீட்டு நோட்டு உன்னிடம் இருக்கிறது என்றாய். ஆள்வாரியாக எழுது. மொத்தமாக முடியாவிட்டால் சீசனுக்குக் கொஞ்சமாகக் கொடு, ஆனால் என்ன பணம் என்று சொல்லிக் கொடு. 'பழைய பாக்கி' என்று சொல்லாதே, அது இன்னொரு பொய். திட்டுவார்கள், நின்று கேட்டுக்கொள். வேலை போகலாம், போனால் எனக்கு எழுது, இங்கே நாணயமான ரெண்டு மண்டி எனக்குத் தெரியும்.

பென்னாகரம் பெரியவரிடம் முதலில் போ. அவருக்குத்தான் உடம்பு முடியவில்லை என்று எழுதியிருந்தாய்.